கிரேன் சைகைக்கு அகராதி உண்டு, கை கட்டி நிற்பதற்கு இல்லை

கேள்வி: ஒரகடம் பகுதியில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 9 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். வயது 32. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் அலுவலக வேலைக்கு வந்த முதல் ஆள் நான்தான். டிப்ளமோ முடித்து இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, 8 மாதங்களுக்கு முன் உதவி மேலாளர் ஆனேன். இந்த முறை அப்ரைசலில் என் வேலையைப் பற்றி நல்லபடியாக எழுதியிருந்த மேலாளர், கடைசியில் 'உடல்மொழியில் முன்னேற்றம் தேவை' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். பிளான்ட் ஹெட் முன்னால் நின்றால் என் கைகள் தானாகக் கட்டிக்கொள்கின்றன. பார்வை தரைக்குப் போய்விடுகிறது. சொந்தக் காசில் 2 நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். ஒருவர் சொல்வதில் 93 சதவீதம் உடல்மொழிதான் என்றும், கூட்டத்துக்கு முன் தனியாக 2 நிமிடம் இடுப்பில் கை வைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றால் தைரியம் வரும் என்றும், கண்ணோடு கண் பார்த்துப் பேச வேண்டும் என்றும், கீழே வேலை செய்பவர்களைத் தோளில் தட்டி ஊக்கப்படுத்த வேண்டும் என்றும் சொன்னார்கள். மறுவாரமே பிளான்ட் ஹெட்டைக் கண் எடுக்காமல் பார்த்துப் பேசினேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "என்னப்பா, முறைக்கிற?" என்று கேட்டுவிட்டார். ஜப்பானிய வாடிக்கையாளர்கள் ஆடிட்டுக்கு வந்தபோது நான் தலையாட்டியதைப் பார்த்து, மொழிபெயர்ப்பாளர் "ஆமாம் என்கிறீர்களா, இல்லை என்கிறீர்களா?" என்று கேட்டார். அதே ஆடிட்டில் என் விளக்கம் முழுவதற்கும் அவர்கள் தலையசைத்துக்கொண்டே இருந்தார்கள். ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்தேன். அறிக்கையில் அந்த விளக்கமே குறையாக வந்திருந்தது. இப்போது அதே பயிற்சியின் இரண்டாம் நிலைக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். ஆபரேட்டர்கள் பொய் சொல்வதை முகத்தை வைத்தே கண்டுபிடிக்கவும் அதில் கற்றுத்தருவார்களாம். கட்டலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

'உடல்மொழியில் முன்னேற்றம் தேவை' என்ற அந்த ஒற்றை வரியிலிருந்தே தொடங்குகிறேன்; உங்கள் சிக்கலில் பாதி அந்த வரி எழுதப்பட்ட விதத்தில்தான் இருக்கிறது. நீங்கள் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர். லைனிலிருந்து வந்த பாகம் ஒன்றின் மேல் 'சரியில்லை' என்று மட்டும் எழுதிச் சிவப்புப் பெட்டியில் போட்டால் உற்பத்திப் பிரிவினர் உங்களைச் சும்மா விடுவார்களா? வரைபடத்தில் என்ன அளவு இருக்கிறது, நீங்கள் எடுத்த அளவு என்ன, எந்த இயந்திரம், எந்த ஷிஃப்ட் என்று கேட்டுக்கொண்டு உடனே வந்து நிற்பார்கள். அப்படிக் கேட்பதும் நியாயம்தான். உங்களைப் பற்றி எழுதப்பட்ட வரியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. நீங்களோ அதை ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டு, நேராகப் போய்ப் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டீர்கள். கோளாறு எங்கே என்று பார்க்காமலே இயந்திரம் முழுவதையும் கழற்றிப் போட்டதற்கு இது சமம்.

ஆகவே முதல் வேலை, மேலாளரிடம் கேட்பது. அப்ரைசல் பேச்சு முடிந்து சூடு ஆறிய ஒரு நாளில், அவர் அவசரத்தில் இல்லாத வேளையாகப் பார்த்து, "சார், அந்தக் குறிப்பைச் சரிசெய்துகொள்ள விரும்புகிறேன். எந்தக் கூட்டத்தில், நான் என்ன செய்தபோது உங்களுக்கு அப்படித் தோன்றியது என்று ஓரிரு இடத்தைச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்" என்று கேளுங்கள். தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவிலும் பின்னர் ஆலோசகராகவும் கழிந்த என் 22 ஆண்டுகளில், இந்தக் கேள்விக்கு வந்த விடைகள் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களாகவே இருந்திருக்கின்றன. காலைக் கூட்டத்தில் மேசையில் இடம் இருந்தும் சுவர் ஓரத்து நாற்காலியில் போய் உட்காருகிறார் என்பார் ஒருவர். பிறர் பேசும்போது போனைப் பார்க்கிறார் என்பார் இன்னொருவர். ரிஜக்‌ஷன் எண்ணிக்கை கூடியதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார் என்பதும் உண்டு. அது சங்கடச் சிரிப்பு, ஆனால் மேலே இருப்பவருக்கு அலட்சியமாகத் தெரிந்திருக்கும். இவை ஒவ்வொன்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிடலாம். ஆளுமையையே மாற்ற வேண்டிய தேவை இவற்றில் எங்கும் இல்லை. மேலாளரால் ஓர் இடத்தைக்கூடக் குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை என்றால், அதுவும் ஒரு விடைதான். அந்த வரியின் எடை எவ்வளவு என்று அப்போது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து, பயிற்சியில் சொன்ன அந்த 93 சதவீதம். இந்த எண் இல்லாத உடல்மொழி வகுப்பை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். அதன் மூலம் 1967-இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் மெஹ்ராபியன் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகள். தனித்தனிச் சொற்களை வெவ்வேறு குரல் தொனிகளில் ஒலிக்கவிட்டும், முகத்தின் புகைப்படங்களைக் காட்டியும், பேசுபவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்பவர்களை ஊகிக்கச் சொன்னார்கள். சொல் ஒன்று சொல்ல, குரலும் முகமும் வேறொன்று சொன்னால், விருப்பு வெறுப்பைப் பொறுத்தவரை மக்கள் எதை நம்புகிறார்கள் என்பதே அங்கே கேள்வி. அதற்குக் கிடைத்த விடைதான் சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்ற கணக்கு. உணர்ச்சியையும் மனப்பான்மையையும் பற்றிப் பேசும்போது மட்டுமே இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே பின்னர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வெல்டிங் குறைக்கு நீங்கள் கண்டறிந்த மூல காரணத்தில் 93 சதவீதத்தை முகபாவத்தால் விளக்க முடியும் என்றால், அறிக்கை எழுதும் வேலையே மிச்சமாகியிருக்கும். உங்கள் சொல்லுக்குத்தான் மதிப்பு. உடல் அந்தச் சொல்லுக்குக் குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இடுப்பில் கை வைத்து நிற்கும் 2 நிமிடப் பயிற்சிக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 2010-இல் டானா கார்னி, ஏமி கட்டி, ஆண்டி யாப் ஆகிய மூவர் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அப்படி நின்றவர்களின் ஹார்மோன் அளவுகளே மாறின என்று வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் அது பரவியது. 2015-இல் ஈவா ரானெஹில் தலைமையிலான குழு 200 பேரை வைத்து மீண்டும் செய்து பார்த்தபோது, தமக்கு வலிமை கூடியதுபோல் இருந்தது என்று சொன்னார்களே தவிர, ஹார்மோனிலும் நடத்தையிலும் மாற்றம் தென்படவில்லை. 2016-இல், முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியரான கார்னியே, இந்த விளைவு உண்மையானது என்று தாம் இனி நம்பவில்லை என வெளிப்படையாக எழுதினார். நிமிர்ந்து நின்றால் உங்களுக்கு மனம் கொஞ்சம் லேசாகிறது என்றால் தாராளமாக நில்லுங்கள்; தீங்கு எதுவும் இல்லை. அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது உங்கள் கைகளுக்கு வருகிறேன். உங்கள் தொழிற்சாலையில் டை எனப்படும் அச்சை மாற்றுவதற்கோ இரும்புச் சுருளை ஏற்றுவதற்கோ கிரேன் இருக்கும். கீழே நிற்பவர் முன்கையைச் செங்குத்தாக உயர்த்தி, ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சிறு வட்டமாகச் சுழற்றினால், தூக்கு என்று பொருள். கையைத் தாழ்த்தி விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினால், இறக்கு என்று பொருள். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க முன்னும் பின்னும் வீசினால் அவசர நிறுத்தம். அதை மட்டும் யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும். இந்தச் சைகைகளுக்கு எழுதிவைத்த அகராதி இருக்கிறது. எவருடைய மனநிலையும் எந்த ஊர்ப் பழக்கமும் அந்தப் பொருளை மாற்றாது. மாற்றினால் உயிர் போகும். உடல்மொழியைக் கற்றுத்தருகிறோம் என்பவர்கள் செய்யும் பெரும்பிழை, மனிதர்களின் மற்ற எல்லா அசைவுகளுக்கும் இதே போன்ற அகராதி இருப்பதாக நினைப்பதுதான். கையை மார்புக்குக் குறுக்கே கட்டினால் எதிர்ப்பு, மூக்கைத் தொட்டால் பொய், காலாட்டினால் பதற்றம் என்று பட்டியல் போடுகிறார்கள். கூட்ட அறையில் ஏசி 18-இல் ஓடினால் எல்லாரும்தான் கை கட்டுவார்கள்.

நம் ஊரில் கை கட்டுவதற்கு நெடிய கதை உண்டு. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தந்த முதல் ஒழுங்கே 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்பதுதான். அதற்கும் முன்னே போனால், சிலரைக் கண்டால் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளவும், சில தெருக்களில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவும் நம் கிராமங்களில் ஒரு பகுதி மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்பதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பணிவை உடம்பில் காட்டியாக வேண்டும் என்பது நம்மிடையே மரியாதையாக மட்டும் இருந்ததில்லை; அது அதிகாரத்தின் கணக்காகவும் இருந்தது. அந்தக் கணக்கு சட்டப்படி ஒழிந்த பின்னும் தோள்களிலும் கழுத்திலும் தங்கியிருக்கிறது; உங்கள் கைகள் தானாகக் கட்டிக்கொள்கின்றன என்று நீங்கள் எழுதிய அந்தத் 'தானாக' என்ற சொல்லில் தெரிவது அதுதான். இதை நகரத்தில் வளர்ந்த ஒரு மேலாளர் தன்னம்பிக்கைக் குறைவு என்று படித்துவிடுகிறார். தன்னம்பிக்கை இல்லாதவர் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து 8 ஆண்டுகளில் உதவி மேலாளராக உயர்ந்திருக்க மாட்டார்.

அந்தப் பழக்கத்தோடு சண்டை போட வேண்டாம். கைகளுக்கு வேறு வேலை கொடுங்கள். பிளான்ட் ஹெட் அறைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எந்தப் பாகத்தைப் பற்றிப் பேசப்போகிறீர்களோ அந்தப் பாகத்தை ஒரு கையிலும், அளவுகள் குறித்த தாளை மறுகையிலும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே போனதும் அவருக்கு நேர் எதிரே நிற்காமல், மேசையின் பக்கவாட்டில் அவரும் பார்க்கும்படி பாகத்தை வைத்து, எந்த இடத்தில் குறை என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். அப்போது இருவர் பார்வையும் பாகத்தின் மேல் இருக்கும். மேலதிகாரியும் கீழே வேலை செய்பவரும் ஒருவரையொருவர் அளக்கும் நிலை போய், ஒரு கோளாறை இருவர் சேர்ந்து பார்க்கும் நிலை வரும். உற்பத்தி நடக்கும் ஷாப் ஃப்ளோரில் நீங்கள் இதைத் தினமும் செய்கிறீர்கள். அங்கே உங்கள் கை கட்டிக்கொள்வதில்லை என்று பந்தயம் கட்டவும் தயார்.

கண் விஷயத்துக்கும் இதுவே தீர்வு. 'கண்ணோடு கண் பாருங்கள்' என்பது அமெரிக்கப் பயிற்சிக் கூடங்களிலிருந்து வந்த அறிவுரை. அங்கேயும்கூட யாரும் கண் எடுக்காமல் பார்ப்பதில்லை. பேசுபவர் அவ்வப்போது பார்வையை விலக்கிக்கொண்டுதான் பேசுவார். அந்தப் பாதியை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் இளையவர் ஒருவர் பெரியவரை இமைக்காமல் பார்த்தால் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, முறைப்பு என்று. உங்கள் பிளான்ட் ஹெட் சொன்னதும் அதைத்தான். அவர் மேல் தவறில்லை. வாக்கியத்தைத் தொடங்கும்போது அவரைப் பாருங்கள், நடுவில் பாகத்தையோ தாளையோ பாருங்கள், வாக்கியம் முடியும் இடத்தில் மீண்டும் அவரைப் பாருங்கள். அவர் கேள்வி கேட்கும்போது மட்டும் முழுக்க அவர் பக்கம் திரும்பிக் கேளுங்கள். நேராகக் கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் புருவ நடுவைப் பாருங்கள். எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

பார்வை தாழ்வதைத் தவறாகப் படித்தவர்களில் நானும் ஒருவன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நிறுவனத்துக்காகப் பாலிடெக்னிக் மாணவர்களை நேர்காணல் செய்த குழுவில் இருந்தேன். ஓர் இளைஞர் எங்கள் மூவரையும் ஏறிட்டே பார்க்காமல், மேசையைப் பார்த்தபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மதிப்பீட்டுத் தாளில் 'நம்பிக்கை போதாது' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். கேள்விகள் முடிந்து எழுந்து நின்றவர், மேசைமேல் நாங்கள் விரித்து வைத்திருந்த மாதிரி வரைபடத்தின் ஓர் ஓரத்தில் விரலை வைத்து, "சார், இந்தத் துளைக்கு ஆழம் குறிக்கவில்லை" என்றார். காலையிலிருந்து அந்த அறைக்கு வந்துபோன யாரும், அதை விரித்து வைத்த நாங்கள் உட்பட, அதைக் கவனித்திருக்கவில்லை. அவர் எங்களைத் தவிர்க்கவில்லை. எங்களைவிடச் சுவையான ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். குழுவில் மூத்தவர் என் தாளை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அந்த அடித்தல் கோடு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

ஜப்பானியர்களோடு உங்களுக்கு நேர்ந்தது, ஒரே தவறு இரண்டு திசையிலும் நடந்ததுதான். நாம் தலையைத் தோளுக்குத் தோள் லேசாகச் சாய்த்து ஆட்டுவதற்குச் 'சரி', 'புரிகிறது', 'பார்க்கலாம்', 'உங்கள் விருப்பம்' என்று இடத்தைப் பொறுத்துப் பல பொருள்கள். நமக்குள் அது பிசகுவதில்லை, ஏனெனில் கூடவே குரலும் முகமும் இருக்கும். வெளிநாட்டவருக்கு அது 'இல்லை' என்பதற்கும் 'ஆமாம்' என்பதற்கும் நடுவில் எங்கோ தொங்குகிறது. அந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆடிட் நடக்கும் 2 நாளும் தலையாட்டலோடு வாயாலும் 'ஆமாம்', 'இல்லை', 'சரிபார்த்துச் சொல்கிறேன்' என்ற மூன்றில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

மறுபக்கம், அவர்கள் தலையசைத்தது சம்மதம் அல்ல. ஜப்பானிய உரையாடலில் கேட்பவர் இடையிடையே தலையசைப்பதும் 'ஹை' என்பதும், 'நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், தொடருங்கள்' என்பதற்கான அடையாளம். அதற்கு 'ஐஸுச்சி' என்று அவர்கள் மொழியில் பெயரே உண்டு. கதை சொல்லும் பாட்டிக்கு நாம் 'ஊம்' கொட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஊம்' கொட்டியதால் கதையை நம்பிவிட்டோம் என்று ஆகிவிடாது. அவர்களுடைய தயக்கம் வேறு இடத்தில் தெரியும். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள், பற்களுக்கிடையே காற்றை மெல்ல உள்ளிழுப்பார்கள், கையில் உள்ள தாளைப் பார்த்தபடி அமைதியாகிவிடுவார்கள். 'இது கொஞ்சம் கடினம்' என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னால், பெரும்பாலும் 'முடியாது' என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்த அமைதியை நிரப்ப அவசரப்பட்டு மேலும் விளக்கிக்கொண்டே போவதுதான் நம்மவர்கள் செய்யும் தவறு. நீங்களும் அமைதியாக இருங்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு, "இந்த இடத்தில் உங்களுக்கு எது போதவில்லை என்று சொல்ல முடியுமா?" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேளுங்கள். நாள் முடிவில், பேசியவற்றை எண் போட்டு ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏற்பு, ஏற்பில்லை, மேலும் விவரம் தேவை என்று அவர்களே குறிக்கும்படி கொடுங்கள். உடல்மொழி பற்றிய கட்டுரையில் எழுத்தைப் பரிந்துரைப்பது விசித்திரமாகத் தோன்றலாம். அகராதி இல்லாத இடத்தில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு என்று உங்கள் தொழிலே உங்களுக்குச் சொல்லித்தந்திருக்கும்.

விசிட்டிங் கார்டை இரு கையாலும் வாங்கி, ஒருமுறை படித்துவிட்டு, கூட்டம் முடியும் வரை மேசைமேல் உங்கள் முன் வைத்துக்கொள்ளுங்கள். பின் பாக்கெட்டில் செருக வேண்டாம், அதன்மேல் குறிப்பும் எழுத வேண்டாம். விருந்தினரை வாசலிலிருந்து தள்ளி, உள்பக்கம் உட்காரச் சொல்லுங்கள். குனிந்து வணங்குவதற்கு ஒத்திகை பார்க்கத் தேவையில்லை. உங்களிடம் அவர்கள் அதை எதிர்பார்ப்பதில்லை. இதைவிட முக்கியமான ஒன்று, ஆடிட்டர் முன்னால் சக ஊழியரிடம் தமிழில் கிசுகிசுத்துச் சிரிக்காமல் இருப்பது. பேசியது மதியச் சாப்பாட்டைப் பற்றியதாகவே இருக்கட்டும். மொழி தெரியாதவருக்குத் தன்னைப் பற்றி ஏதோ மறைக்கிறார்கள் என்றுதான் படும். காதோடு பேசுவதையும் அதனோடு சேர்ந்த சிரிப்பையும் பெரியவர்கள் முன்னிலையில் விலக்க வேண்டும் என்று 'மன்னரைச் சேர்ந்தொழுதல்' அதிகாரத்தில் வள்ளுவர் தனிக் குறளே எழுதியிருக்கிறார். இன்றைய வாடிக்கையாளர் ஆடிட்டுக்கும் அது அப்படியே செல்லும்.

வீடியோ கூட்டங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. மடிக்கணினியை நான்கைந்து கோப்புகளின் மேல் ஏற்றி, கேமரா உங்கள் கண் மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும். முக்கியமான ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் திரையை விட்டுக் கேமராவைப் பாருங்கள். இது போதும்.

தோளில் தட்டுவது பற்றிய அறிவுரையை உடனே மறந்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். உங்கள் பிரிவில் பாகங்களைக் கண்ணால் சோதிக்கும் மேசைகளில் பெண்கள் பலர் இருக்கக்கூடும். அவர்களில் பலர் ஊரை விட்டு வந்து விடுதியில் தங்கியிருக்கும் இளம் டிரெய்னிகளாகவும் இருக்கலாம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அத்துமீறிய தொடுகையை மட்டுமல்லாமல், வாய்ச்சொல் இல்லாமல் செய்யும் பாலியல் தன்மையுள்ள, விரும்பப்படாத நடத்தையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நீங்கள் எந்த எண்ணத்தில் தட்டினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தட்டப்பட்டவருக்குத் தெரிய வழியில்லை, வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லும் துணிவும் அவருக்கு எளிதில் வராது. ஆண்களிடமும் அதே கதைதான். வயதில் மூத்த ஆபரேட்டர் ஒருவரின் தோளில் நீங்கள் தட்டினால், அது ஊக்கமாக இல்லாமல் சிறுமைப்படுத்துவதாகவே அவருக்குப் படலாம். பாராட்ட நினைத்தால் அவர் மேசைக்கு நீங்களே நடந்து போய், ஒரு கை நீளத்துக்கு அப்பால் நின்று, எந்தக் குறையை எந்த நேரத்தில் பிடித்தார் என்று குறிப்பிட்டு, பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். நீங்கள் நடந்து போனதுதான் அங்கே உடல்மொழி. உங்கள் மேசைக்கு அழைத்து அதே வார்த்தைகளைச் சொன்னால் அதில் பாதி குறைந்துவிடும்.

கடைசியாக, ஆபரேட்டர்கள் பொய் சொல்வதை முகத்தில் படிப்பது. சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006-இல், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 24,000-க்கும் மேற்பட்டவர்களின் தீர்ப்புகள். கருவி எதுவும் இல்லாமல், பார்த்தும் கேட்டும் மட்டும் பொய்யையும் மெய்யையும் பிரித்தவர்கள் சராசரியாக 54 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். மூன்றாவது ஷிஃப்டில் விடியற்காலை 4 மணிக்கு, தூக்கக் கலக்கத்தோடு நிற்கும் ஒருவர், உதவி மேலாளர் திடீரென்று வந்து கேள்வி கேட்டால், உண்மையைச் சொன்னாலும் தடுமாறத்தான் செய்வார். முகத்தைப் படிக்க முயன்றால் நீங்கள் நேர்மையான பயந்தவரைக் குற்றவாளியாக்கி, பழகிய பொய்யரை விட்டுவிடுவீர்கள். அளவு சரிபார்க்கும் கருவியான கேஜைப் பற்றி "கேஜ் வெச்சியா?" என்று கேட்டால் 'வெச்சேன்' என்றுதான் விடை வரும். "கடைசியா எப்ப கேஜ் வெச்சீங்க அண்ணே, எங்க, எப்படி வெச்சீங்கன்னு ஒரு தடவ காட்டுங்க" என்று கேட்டு, அவர் கையைப் பாருங்கள். தினம் செய்கிறவரின் கை தயங்காது. கேட்கும்போது உங்கள் முகம் காவல் நிலையத்து முகமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டர்கள் மேலாளரின் முகத்தைப் படிப்பதில் நம் எல்லாரையும்விடத் தேர்ந்தவர்கள். குறையைச் சொன்னால் திட்டு விழும் என்று உங்கள் நெற்றியில் ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த குறை உங்களிடம் வராமல் நேராக வாடிக்கையாளரிடம் போய்விடும்.

18,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். அடுத்த மாத ரிவியூவில் நீங்கள் பேசுவதை, மேலாளரின் அனுமதியோடு போனில் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குப் போய் முதலில் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். பிறகு படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். எந்த இடத்தில் திரையோடு பேசினீர்கள், எந்த இடத்தில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கினீர்கள் என்று உங்களுக்கே தெரியும். மாற்றுவதற்கு இரண்டு இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, 3 மாதம் கழித்து மேலாளரிடம் அந்த இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

பணத்தைச் செலவு செய்தே ஆக வேண்டும் என்றால், சென்னையில் ஜப்பானிய மொழிக்கு நடக்கும் தொடக்க நிலை வகுப்பு ஒன்றில் சேருங்கள். நன்றாகப் பேச வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த ஆடிட்டில் அவர்களில் ஒருவர் தலையைச் சாய்த்துச் 'ச்சொத்தோ...' ('கொஞ்சம்...') என்று இழுத்து வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தும்போது, மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கும் முன்பே நீங்கள் அடுத்த தாளை எடுத்து வைத்திருப்பீர்கள்.